காவல் ஜாடி

சனிக்கிழமை நாற்பது கிலோ குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரிக்க வேண்டும் என்று மனைவி ராட்கா அறிவித்த அன்றே ருமென் சபதம் எடுத்துவிட்டான். உயிரே போனாலும் அந்தச் சனிக்கிழமை மரித்ஸா ஆற்றங்கரையில்தான். பிளோவ்திவ் நகரக் கணிப்பொறி மையத்தில் வாரமெல்லாம் ப்ரோகிராம் எழுதித் தேய்ந்தவன், தூண்டிலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்காரக்கூடாதா? பாவம், உட்காரலாம்தான். ராட்காவிடம் கேட்க மட்டும் தைரியமில்லை.

கூட்டாளி, எதிர் பிளாக் வெல்கோ. போனில் பேசினால் ராட்கா காதில் விழும். ஆனால் செப்டம்பரில் எந்தப் பால்கனியிலும் தக்காளி ஜாடிகள் கவிழ்ந்திருக்கும். சூடாக மூடித் தலைகீழாக வைத்தால்தான் மூடி இறுகும். ஜாடிகளை யார் சந்தேகப்படுவார்கள்? பால்கனியில் ஐந்து ஜாடிகளை வரிசையாக வைத்து, ருமென் வெல்கோவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான்.

"குழாய்ப் பக்கத்து ஜாடி ஒண்ணு. அப்புறம் ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு. நிமிந்திருந்தா கூட்டு, கவுந்திருந்தா விட்டுடு. வர்ற தொகைதான் நீ பாலத்துக்கு வர வேண்டிய மணி."

"அஞ்சுமே கவுந்திருந்தா?"

"பூஜ்யம். மாட்டிக்கிட்டேன், வந்து காப்பாத்துன்னு அர்த்தம்."

ஒத்திகை பார்த்த முதல் நாளே கோளாறு. ராட்கா தூசி துடைக்கிறேன் என்று முதல் ஜாடியை நிமிர்த்திவிட, எட்டு ஒன்பதாகி, வெல்கோ ஒரு மணி நேரம் தாமதமாக வந்தான். ருமென் ஆறாவதாக ஒரு ஜாடியைச் சேர்த்தான்.

"இது காவல் ஜாடி. நிமிந்த ஜாடிங்க எண்ணிக்கை இரட்டைப்படையா வர்ற மாதிரி இதை வைப்பேன். ஒத்தைப்படையா இருந்தா யாரோ கை வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கோ."

"தங்கச்சிக்குப் புரிஞ்சிட்டா?"

"அவளுக்கா? நாம எழுதுற ப்ரோகிராமைக் கணிப்பொறி படிக்கிறதுக்கு அட்டையில ஓட்டை போடுறவடா அவ. எந்த ஓட்டைக்கு என்ன அர்த்தம்னு நமக்குத்தானே தெரியும்!"

அதே மையத்தில், மற்றவர்கள் போட்ட ஓட்டைகளில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் பன்னிரண்டு வருடமாக ராட்காவின் வேலை. கட்டிய கணவனுக்கு அது மறந்துபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்டுக்கான ஜாடியையும் காவல் ஜாடியையும் நிமிர்த்தி வைத்தான். ராட்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னய்யா, நாலு கவுந்திருக்கு, ரெண்டு மட்டும் நிமிந்திருக்கு?"

"அது ரெண்டும் நல்லா இறுகிடுச்சு."

"ஓ. அப்ப சரி."

மறுநாள் காலை ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்பி, எட்டு மணிக்குப் பாலத்தில் நின்றான். தூண்டில், புழு எல்லாம் வெல்கோவிடம். ஒன்பது ஆனது. பத்து ஆனது. கண்ணெதிரே மீன் துள்ளுகிறது. கையில் இருப்பதோ ஒரு ரொட்டி. பதினொரு மணிக்கு அழாத குறையாக வீடு திரும்பினான்.

பால்கனியில், முழங்கை வரை சிவந்துபோய், மிளகாய் மலைக்கு நடுவே வெல்கோ.

"எங்கடா போன? பூஜ்யத்தைப் பாத்துட்டு உன்னைக் காப்பாத்த ஓடி வந்தேன். தங்கச்சி என் கையில கத்தியைக் குடுத்துட்டா!"

"பூஜ்யமா? எட்டுடா! எண்ணிப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேனே! ஆறும் கவுந்திருந்துது. நிமிந்தது ஒண்ணுகூட இல்ல, இரட்டைப்படைக் கணக்கு சரியாத்தானே வருது? ஒரே ஒரு ஜாடியைத் திருப்பியிருந்தா நான் கண்டுபிடிச்சிருப்பேன்!"

ராட்கா ருமெனுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. மூணு மணி நேரம் பாலத்துல நின்னு கால் வலிச்சிருக்கும்."

பிறகு வெல்கோ பக்கம் திரும்பினாள்.

"தெரியும்ணா. அதனாலதான் காவல் ஜாடியையும் சேத்துக் கவுத்தேன்."