எல்லையண்ணையும் ஆறு இடிகளும்

அந்தப் பனிப்புயல் நாளில் பின்னேரம் நான்கு இருபத்திரண்டு வரைக்கும், எல்லையண்ணையைப் போலப் பிரயோசனமில்லாத மனிதர் ஸ்காபரோவிலேயே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அவருடைய உண்மைப் பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இங்கிலாந்தின் ஏதோ மூலைக் கிராமத்தில் இருபத்தைந்து வருடம் பெற்றோல் ஸ்ரேசன் நடத்திவிட்டு, மகளோடு இருக்கக் கடல்தாண்டி இங்கே வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் ரவுன்ஹவுஸ் வரிசைவீட்டு வளாகத்துக்கு வந்தவர். அந்த ஊர்ப் பிள்ளைகளே கைவிட்ட வழக்கங்களையெல்லாம் சூட்கேசில் அடைத்துக்கொண்டு வந்திருந்தார். இடது கால் நொண்டும். மலைச்சரிவில் உருட்டிவிடும் சீஸ் கட்டியைத் துரத்தும் போட்டியில் விழுந்து உடைந்த காலாம்.

“சீஸ் கிடைச்சதோ அண்ணை?”

“இல்லைத் தங்கச்சி. ஆனா என்னளவு தூரம் ஒருத்தரும் உருளேல்லை.”

ஜனவரியில் வளாக வாசல் அப்பிள் மரத்துக்குப் பூசை. கிளைகளில் ரோஸ்ற் பாணைச் செருகி, வேரில் அப்பிள் ஜூஸ் ஊற்றி, சட்டியைத் தட்டிப் பாடுவார். மரம் விழித்துக் காய்க்குமாம். மரம் விழிக்கவில்லை. நாங்கள் எல்லோரும் விழித்தோம்.

“மூண்டு வருசமா ஒரு காய்கூட இல்லையே?”

“உதுக்கு இன்னும் மெட்டுப் பிடிபடேல்லை.”

மே மாதம் வந்தால், அவருக்கு அந்தப் பட்டப்பெயரைக் கொடுத்த எல்லை சுற்றல். முழங்காலுக்குக் கீழே சலங்கை கட்டி, கையில் தடியோடு வளாகத்தின் வேலியோரமாக நடப்பார். வரைபடம் இல்லாத காலத்தில் ஊர் எல்லை மறந்துபோகாமல் இருக்க, ஒவ்வொரு அடையாளத்திலும் ஒரு பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துத் தலையை மெல்ல நிலத்தில் இடிப்பார்களாம். எங்கள் எல்லைக்கு ஆறு அடையாளங்கள். அதற்கு ஒரு வெள்ளைக்கார மெட்டில் அவரே கட்டிய பாட்டு:

மஞ்சள் குழாய், பச்சைப் பெட்டி,
வளைஞ்ச வேலி, குப்பைத் தொட்டி,
தபால் பெட்டி, அப்பிள் மரம்,
தலையில் இடிச்சால் நினைவில் வரும்!

போன மே மாதம் நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, என் ஒரே மகள், ஏழு வயது ஆதிரா, குப்பைத் தொட்டிக்கு முன்னால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் அண்ணையிடம், மற்றக் கால் அவருடைய மருமகனிடம்.

“அண்ணை! விடுங்கோ பிள்ளையை!”

“கீழ குஷன் வைச்சிருக்கிறன் தங்கச்சி.”

“வழி காட்டப் போனில மப் இருக்குது அண்ணை!”

“பிள்ளையிட்டைப் போன் இருக்கோ?”

ஆதிரா சிரித்துக்கொண்டிருந்தாள். நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன்.

இந்தப் பெப்ரவரியில் ஒரு நாள் கடும் பனிப்புயல். மூன்று ஐம்பத்தைந்துக்கு வளாக வாசலில் பள்ளிக்கூட பஸ் நின்றது. ஆதிரா இறங்கவில்லை. ஓட்டுநர் அன்றைக்குப் புதியவர். பின்பக்க வீதியில் இறங்கிய பிள்ளைகளோடு அவளும் இறங்கிவிட்டாள் என்றார். நீட்டிய கை எனக்கே தெரியவில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே மண்ணிறக் கதவு. வளாகத்தின் நடுப்பாதையால் பின்பக்கம் ஓடிக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அங்கே ஒருவரும் இல்லை. திரும்பி ஓடிவந்து பொலிசை அழைக்கப் போனை எடுத்தால் விரல்கள் விறைத்திருந்தன.

அப்போதுதான் அந்தச் சத்தம். அப்பிள் மரத்தடியில் சலங்கையோடு எல்லையண்ணை, சட்டியைத் தட்டிப் பாடிக்கொண்டு.

“பிள்ளையைக் காணேல்லை, நீங்கள் பாட்டுப் படிக்கிறியளோ!”

“தெரியும், பஸ்காரன் சொன்னவன். மருமகன் தேடப் போயிட்டான். அவள் நடுவால வரமாட்டாள் தங்கச்சி, வேலியைப் பிடிச்சுத்தான் வருவாள். கடைசி அடையாளத்தில ஒராள் நிண்டு சத்தம் போடவேணும்.” ஒரு சட்டி மூடியை என்னிடம் நீட்டினார். “தட்டும்.”

தட்டினேன். என் வாழ்க்கையில் எதையும் அப்படித் தட்டியதில்லை.

நான்கு இருபத்திரண்டுக்கு வேலியோரமாக ஒரு சிவப்பு ஜக்கெற் தெரிந்தது. அவள் உதடுகள் எல்லைப் பாட்டை முணுமுணுத்தபடி இருந்தன. நான் கட்டிப்பிடித்து அழ, ஆதிரா என் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்துச் சொன்னாள்: “அங்கிள், திஸ் இஸ் த லாஸ்ட் ஒன். இன்னும் இடிக்கேல்லை.”

குஷனுக்குப் பதிலாகப் பனி இருந்தது. ஒரு காலை எல்லையண்ணை பிடித்தார். மற்றதை நான் பிடித்தேன்.