என்னைத் தள்ளிவிட்டது யார்?

எலும்பு வார்டு, ஏழாம் கட்டில்,
அலெக்சாண்ட்ரியா.

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் ஷவ்கிக்கு,

உனக்கும் உன் வீட்டாருக்கும் சாந்தி உண்டாவதாக. நான் நலம், அதாவது இடுப்புக்கு மேலே நலம். நேற்று நீ வந்துபோன கையோடு நான் கீழே விழுந்துவிட்டேன், இல்லை, விழவைக்கப்பட்டேன். புதிதாக வைத்த இடுப்பு மூட்டுக்கு ஒன்றுமில்லை என்று படம் எடுத்துச் சொன்னார்கள். அந்தப் படத்தையும் நான் நம்பவில்லை.

முப்பத்தொரு வருஷம் டிராமில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். திருட்டு முழி எனக்குத் தெரியாதா? விழுவதற்கு முதல் நாளே நர்ஸ் இன்ஷிராஹ் என் கையில் மஞ்சள் பட்டை கட்டினாள். 'விழக்கூடியவர்' என்று எழுதியிருக்கிறது. அவளுக்கு எப்படி ஒருநாள் முன்பே தெரியும்? கேட்டால், "எல்லாருக்கும் கட்டுறதுதான் ஹாஜி, இறங்கணும்னா மணி அடிங்க" என்று குழைகிறாள். பக்கத்துக் கட்டில் ஃபஹ்மிக்கும் அதே பட்டைதான், அவன் விழலையே! நீ கொண்டுவந்த கொய்யாவுல நாலைத் தின்னுட்டு, நான் விழுந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான். என் செருப்பைக் கட்டிலுக்கு அடியில தள்ளினது யாரு? தரை வேற பளபளன்னு இருந்துச்சு, எதுக்கு அவ்வளவு சுத்தம்?

"இன்னொரு தடவை விழுந்தா, வியாழக்கிழமை மக கல்யாணத்தை போன்லதான் பாக்கணும்"னுட்டார் டாக்டர். நிக்காஹ்ல வெள்ளைக் கைக்குட்டைக்கு அடியில மாப்பிள்ளை கையைப் பிடிச்சு என் ஒரே பொண்ணு நிஹாலை நான் கொடுக்காம வேற எவன் கொடுப்பான்? எங்க அண்ணன் அதுக்குன்னே புது கோட்டு தைச்சுட்டானாம். அவனையும் விசாரிக்கணும். தப்பு ஆஸ்பத்திரி மேலதான்னு நீ நாளைக்கே புகார் கொடு.

பிள்ளைகளின் நெற்றிக்கு என் முத்தம். உன் கால்களை இறைவன் உறுதியாக வைத்திருப்பானாக.

உன் அக்கா புருஷன்,
ராகிப்

பி.கு.: புகார் வேண்டாம். ஃபஹ்மி டாக்டர்கிட்ட வாயைத் திறந்துட்டான்: "மச்சினர் கிளம்பினாரு. இவரு லிஃப்ட் வரைக்கும் வந்து வழியனுப்பறேன்னு இறங்கினாரு. மணி அடிங்கன்னேன். விருந்தாளியைத் தனியா அனுப்பற குடும்பமா நாங்கன்னு என்னைத் திட்டினாரு."

உண்மைதான். எனக்கு அப்பவே தெரியும், சொல்ல வெட்கமா இருந்துச்சு. நீயும் திரும்பிப் பார்க்காம விறுவிறுன்னு போயிட்டே. டாக்டர் சிரிச்சுட்டு, சக்கர நாற்காலியில அனுப்பறேன்னுட்டார். கையைப் பிடிச்சுக் கொடுக்கறது உட்கார்ந்து செய்யற வேலைதானே! ஆனா அவர் போட்ட ஒரே நிபந்தனை: கல்யாணத்துக்கு வர்ற முந்நூறு பேர்ல ஒருத்தரும் எங்கிட்ட சொல்லிக்கிட்டுக் கிளம்பக் கூடாது. சொல்லிக்கிட்டா நான் வழியனுப்ப எழுந்துடுவேனாம். இதை எல்லாருக்கும் நீதான் சொல்லிவைக்கணும். முதல்ல நீ சொல்லிக்காம கிளம்பு.