மூலை மன்னர் விருந்தாளியானார்

அந்த ஓட்டலில் அவரைத் தவிர அறுபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். அறுபத்திரண்டு பேரிடமும் அவர் தனித்தனியாகச் சத்தியம் வாங்கினார். வாசலில் கதவு திறக்கிறவரில் தொடங்கி, கீழ்த்தளத்தில் துணி வெளுக்கிறவர் வரைக்கும் ஒருவரையும் விடவில்லை.

"நாளைக்கு என் வீட்டம்மா வர்றாங்க. எனக்குப் படுக்கை விரிக்கத் தெரியும்னு யாரும் மூச்சு விடக் கூடாது. இஸ்திரி தெரியாது. டீ போடத் தெரியாது. பொத்தான் தைக்கத் தெரியாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மாஸ்டர். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

"அப்படிச் சொல்லு!" என்று முதுகில் தட்டிவிட்டு அடுத்த ஆளைப் பிடிக்க ஓடினார்.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்பீர்கள். நூற்றுப்பத்து வருஷத்துப் பெரிய ஓட்டல் அது. அதில் அறைகளைத் தயார் செய்கிறவர்களுக்கெல்லாம் தலைவர் அவர். விரிப்பின் நுனியை மடித்து மெத்தைக்கு அடியில் செருகுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதனால் அவருக்கு அங்கே மூலை மன்னர் என்று பெயர். அவர் விரித்த படுக்கையைக் கலைக்க மனம் வராமல் ஒரு விருந்தாளி மூன்று நாளும் சோபாவிலேயே தூங்கினாராம். ஓட்டலில் இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்கள். பொய்யாகக்கூட இருக்கலாம், ஆனால் அவர் மறுத்ததில்லை.

வீட்டில் கதையே வேறு. கல்யாணமான முதல் வாரத்தில் மனைவி ஒரு தலையணை உறையை மாட்டச் சொன்னாள். ஓட்டலில் முப்பத்திரண்டு தலையணைக்கு உறை மாட்டிவிட்டு வந்திருந்த மனிதர், அலுப்பில் அதைக் குறுக்கே திணித்துவிட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "குடுங்க இப்படி, இதுகூடத் தெரியலை" என்று பிடுங்கிக்கொண்டாள். அந்த நிமிஷம் அவருக்கு ஞானம் பிறந்தது. அடுத்த வாரம் இஸ்திரிப் பெட்டியால் தன் சட்டைக் காலரைக் கருக்கினார். அதற்கடுத்த வாரம் டீயில் உப்பைப் போட்டார். ஒரே மாதத்தில் எல்லா வீட்டு வேலையிலிருந்தும் அவருக்கு நிரந்தர விடுதலை கிடைத்தது. ஓட்டலில் என்ன வேலை என்று கேட்டால், "கண்காணிப்பு. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நடக்கிறது" என்பார்.

இப்படி இருபத்தைந்து வருஷம் ஓட்டியாயிற்று. அங்கேதான் சிக்கல். இருபத்தைந்து வருஷம் முடித்தவர்களை ஒருநாள் விருந்தாளியாகத் தங்கவைப்பது அந்த ஓட்டலின் பழைய வழக்கம். கணவனோ மனைவியோ கூட வர வேண்டும். மூன்றாம் மாடியில் ஆகப் பழைய, ஆகப் பெரிய அறை. அன்றைக்கு மட்டும் விருந்தாளியாகிற ஊழியர் ஒரு துரும்பைக்கூட அசைக்கக் கூடாது.

அவர் தட்டிக்கழிக்கப் பார்த்தார். "லிஃப்ட்ல உனக்குத் தலை சுத்தும்."

"கண்ணை மூடிக்கிறேன்."

"அங்க சாப்பாட்டுல காரமே இருக்காது."

"சமைக்கிறது நானில்லையே, அது போதும்" என்றாள் அவள். நல்ல புடவையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தும் ஆகிவிட்டது.

மறுநாள் மதியம் இருவரும் போய் இறங்கினார்கள். தினமும் பின்பக்கச் சந்தில் நுழைகிறவர், அன்றைக்கு முன்வாசலில், பளிங்குப் படிகளில், பைகூடக் கையில் இல்லாமல் ஏறினார். கதவு திறக்கிறவர் விறைப்பாக ஒரு வணக்கம் வைத்தார். மனைவி நின்று, "இத்தனை வருஷமா இவரோட வேலை பார்க்கறீங்க. ரொம்ப நன்றிங்க" என்றாள்.

கதவுக்காரர் நெகிழ்ந்துபோனார். பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டுமே!

"அம்மா, சாருக்குப் படுக்கை விரிக்கவே தெரியாதுங்க" என்றார்.

மன்னருக்கு மூச்சே நின்றுவிட்டது.

"அப்படிங்களா?" என்றாள் மனைவி.

பித்தளைக் கம்பிக்கதவு போட்ட லிஃப்ட். வெல்வெட் இருக்கை வேறு. லிஃப்ட்காரர் முதல் மாடி வரைக்கும் பேசவில்லை. இரண்டாம் மாடியில் அவருக்குக் கடமை நினைவுக்கு வந்துவிட்டது.

"இஸ்திரின்னா சாருக்கு என்னன்னே தெரியாதும்மா. துணியைப் பார்த்தாலே பயப்படுவாரு."

"ஐயோ பாவம்" என்றாள் அவள். "பத்திரமா மேல கொண்டுவந்து விட்டீங்க, ரொம்ப நன்றிண்ணே."

மாடி நடையில் செருப்பு, ஷூ பாலிஷ் போடுகிறவர் எதிரே வந்தார். மன்னர் கண்ணால் கெஞ்சினார். புருவத்தால் கெஞ்சினார். பாலிஷ்காரர் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டார்.

"டீ போடத் தெரியாது!" என்றார், எடுத்த எடுப்பில். "சாயங்காலம் நாலு மணிக்கு எங்க எல்லாருக்கும் சார் டீ போட்டுத் தர்றதே கிடையாதும்மா!"

அறைக்குள் போனதும் மனைவி எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஜன்னலைத் திறந்து கீழே தெருவைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் திறக்கிற சின்ன அலமாரி ஒன்று அறைக்கதவிலேயே இருந்தது. உள்ளேயிருந்து செருப்பை வைத்தால், வெளியேயிருந்து எடுத்துப் பாலிஷ் போட்டுத் திரும்ப வைத்துவிடுவார்கள். அதை நாலு தடவை திறந்து மூடினாள். குளியலறையில் நாலு காலில் நின்ற வெள்ளைப் பீங்கான் தொட்டியைச் சுற்றி வந்தாள்.

"ஏங்க, இதுல ஆறு போர்வை ஊறவைக்கலாம்!"

"அது குளிக்கிறதுக்கு."

"இம்புட்டுத் தண்ணியிலயா? ஒரே ஆளா?"

"ஒரே ஆள்தான். நீதான். வெந்நீர் எவ்வளவு வேணும்னாலும் வரும்."

அவள் தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "உங்க ஓட்டல்காரங்க நல்லா இருக்கணும்" என்றாள்.

மூன்றாம் மாடி அறைகளுக்குப் பொறுப்பான அக்கா தலையணைப் பட்டியலைக் கொண்டுவந்தாள். பஞ்சு, இறகு, கழுத்து வலிக்கு ஒன்று, குறட்டைக்கு ஒன்று என்று ஏழு வகை. அக்கா முப்பது வருஷ அனுபவசாலி. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

"ஏங்க," என்றாள் மனைவி, "கீழே நூலகம் இருக்குன்னீங்களே. படிக்க ஒரு பத்திரிகை எடுத்துட்டு வாங்களேன்."

அவர் போய் ஒரு பத்திரிகையோடு திரும்பினார். அக்கா அவரைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு விடுவிடுவென்று வெளியே போனாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம். படுக்கையைப் பார்த்தார். திக்கென்றது.

விரிப்பு கோணல். நடுவில் ஒரு சுருக்கம், ஆறு மாதிரி ஓடியது. ஒரு மூலை தொங்கியது. அக்காவா இப்படி? உடம்புக்கு முடியவில்லையோ?

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இன்றைக்குத் துரும்பை அசைக்கக் கூடாது, ஓட்டல் சட்டம். என்றைக்குமே அசைக்கக் கூடாது, சொந்தச் சட்டம். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தெரு தெரியவில்லை, அந்தச் சுருக்கம்தான் தெரிந்தது.

அப்போது குளியலறைக்குள்ளிருந்து பாட்டு கேட்டது. அவள்தான் முனகிக்கொண்டிருந்தாள். வார்த்தை இல்லாமல், ராகம் மட்டும். அவள் பாடி அவர் கேட்டதே இல்லை. வீட்டில் விடியுமுன் எழுந்து ஒரு வாளித் தண்ணீரை அவசர அவசரமாக ஊற்றிக்கொண்டு அடுப்படிக்கு ஓடுகிறவளுக்குப் பாட எங்கே நேரம்? அந்த அவசரத்துக்கெல்லாம் பாதிக் காரணம் தான்தான் என்று அவருக்கு உறைத்தது. யார் யாருக்கோ விரித்த கை இது. ஊர் பேர் தெரியாதவனெல்லாம் சொகுசாகப் படுத்துத் தூங்கிவிட்டுப் போனான். இவளுக்கு ஒருநாள், ஒரே ஒருநாள் விரித்ததுண்டா? இத்தனை வருஷம் தன்னைச் சுமந்த பொம்பளை, இன்றைக்காவது நல்ல படுக்கையில் படுக்கட்டும்.

விரிப்பை உருவினார். உதறினார். அது காற்றில் எழும்பி, நடுக்கோடு நடுவிலேயே வந்து அமர்ந்தது. ஒரு மூலை, இரண்டு மூலை, மூன்று, நாலு. உள்ளங்கையால் ஒரே ஒரு தடவல். தலையணைகளை ஒரு தட்டு தட்டி நிறுத்தினார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை. பத்திரிகையை விரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி ஓட்டலின் வெள்ளை அங்கியில், சிவந்த முகத்தோடு வெளியே வந்தாள். படுக்கையைப் பார்த்தாள். மெதுவாகப் போய்ப் படுத்தாள். கண்ணை மூடினாள்.

"இப்படி ஒரு படுக்கையில நான் படுத்ததே இல்லைங்க. யாரு விரிச்சது?"

"அந்த அக்காதான். வேற யாரு?"

"அப்ப நன்றி சொல்லணுமே" என்று கட்டிலோரத்து மணியை அழுத்தினாள்.

அக்கா வந்தாள். படுக்கையைப் பார்த்தாள். கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"அம்மா! நீங்க சொன்ன மாதிரி நான் கோணலாத்தானே போட்டேன்! மாஸ்டர், மன்னிச்சிருங்க. முப்பது வருஷத்துல நான் கெடுத்த ஒரே படுக்கை இது. கையே கூசிச்சு."

மன்னர் திருதிருவென்று விழித்தார். பத்திரிகை தலைகீழாக இருந்தது.

"ஏங்க," என்றாள் மனைவி, எழுந்திருக்காமலே. "ஒருத்தருக்குத் தெரியாததை இத்தனை பேர் மனப்பாடமா வெச்சிருப்பாங்களா? நான் கேக்காமயே ஒப்பிக்கிறாங்க. சும்மா சோதிச்சுப் பார்த்தேன்."

அவர் எழுந்து கட்டிலருகே போனார். அசடு வழிய நின்றார். "தப்புதான். ஆனா இதை... உனக்காகத்தான் விரிச்சேன். நீ பாடினே. கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியலை."

அவள் அவரையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "தெரியுது. கதவு இடுக்கு வழியாப் பார்த்துட்டுத்தான் இருந்தேன். உதறினீங்க பாருங்க, எம்புட்டு அழகு! கோபம் வருதான்னு பார்த்தேன், வரலை. நன்றிதான் வருது."

இருபத்தைந்து வருஷக் குற்றத்துக்கு இவ்வளவுதான் தண்டனையா? அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில் வாயைவிட்டார். "இனிமே வீட்டுல படுக்கை நான்தான் விரிப்பேன். இது சத்தியம்!"

"ரொம்ப நன்றிங்க" என்றாள் அவள். மேஜையிலிருந்து ஓட்டல் பென்சிலையும் தாளையும் எடுத்தாள். "படுக்கை, கதவுக்காரர் சொன்னது. இஸ்திரி, லிஃப்ட் அண்ணன். டீ, பாலிஷ் போடுறவரு." எழுதி நிமிர்ந்தாள். "மொத்தம் எத்தனை பேர் இங்க வேலை பார்க்கறாங்க?"

"எதுக்கு?"

"மூணு பேர் சொன்னதைத்தான் கேட்டிருக்கேன். மத்தவங்களுக்கும் காலையில நன்றி சொல்லிட்டுத்தான் கிளம்பணும்."

சொன்னபடியே ஒவ்வொருவராகப் பார்த்து நன்றி சொன்னாள். அவர்களும் சத்தியம் தவறாதவர்கள். வெளியே வரும்போது தாளின் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு மூலை மன்னர் வீட்டில் டீ போட்டார். அவரே ருசி பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். தட்டில் வைத்து, சிந்தாமல் கொண்டுபோய், தோளால் படுக்கையறைக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தார். உண்மையிலேயே மனசு நிறைந்திருந்தது. இதை எப்போதோ செய்திருக்கலாம் என்று நினைத்தார். அவள் போர்வைக்குள்ளிருந்து கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"ரொம்ப நன்றிங்க. நாளையிலேர்ந்து கதவைத் தட்டிட்டு வாங்க."