புலிச்சங்கும் ஒன்றாம் நம்பர் மரியாதையும்

ஒரு காட்டில் ஒரு தண்ணீர்த்துறை இருந்தது. துறை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கோடையில் முழங்கால் அளவு, மழையில் இடுப்பளவு, அவ்வளவுதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் வேறு தண்ணீரே கிடையாது. மானோ மயிலோ எருமையோ, தாகம் எடுத்தால் அங்கேதான் வந்தாக வேண்டும். இந்த விஷயம் புலிக்கும் நன்றாகத் தெரியும்.

அதனால் துறைக் கமிட்டி ஒரு சங்கு வாங்கி மருதமரத்தின் தாழ்ந்த கிளையில் கட்டியது. வாயால் ஊதுகிற சங்கு இல்லை. மில்லில் ஷிப்டு மாறும்போது அலறுமே, அந்தச் சங்கு. மேலே வெயில் வாங்கும் தகடு, நடுவில் புலி வாடையை மோப்பம் பிடிக்கும் மூக்கு, கீழே ஒலிபெருக்கி. வெயில் பட்டதும் கண்விழிக்கும். புலி வாடை அடித்தால் "புலி! புலி!" என்று அலறும். எல்லாரும் ஓடிப்போய்ப் பிழைத்துக்கொள்வார்கள்.

இந்தச் சங்கைப் பார்த்துக்கொள்கிற வேலை மங்கையர்க்கரசி என்ற சருகுமானுக்கு. சருகுமான் முயல் அளவுதான் இருக்கும். உடம்பைவிடப் பெயர் நீளமாக இருந்ததால் எல்லாரும் மங்கை என்றே கூப்பிட்டார்கள். கெட்டிக்காரிதான், ஆனால் பயந்தாங்கொள்ளி. பக்கத்தில் யாராவது தும்மினாலே புதருக்குள் போய்விடுவாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மார்கழி பிறந்ததும் சங்கு மக்கர் பண்ண ஆரம்பித்தது. சில நாள் காலையில் சங்குப் பெட்டியில் விளக்கு எரியும், வாய் மட்டும் திறக்காது. ஒயரைப் பிடுங்கிச் செருகினால் எழுந்துகொள்ளும். ஏன் படுத்தது, ஏன் எழுந்தது, ஒன்றும் புரியாது. அப்படிப் படுத்துக் கிடந்த ஒரு காலையில் தண்ணீர் குடிக்கப்போன காட்டுப்பன்றி காத்தமுத்து வீடு திரும்பவில்லை.

கமிட்டித் தலைவர் காட்டெருமை தண்டபாணி மங்கையைக் கூப்பிட்டார்.

"ஏம்மா மங்கை, இனி ஒரு தடவை புலி வந்து சங்கு கத்தலேன்னா, நீதான் அந்தப் பாறைமேல ஏறி நின்னு கத்தணும். தீர்மானம் போட்டாச்சு."

"அய்யா, புலி வர்ற வழியே அந்தப் பாறைதானே?"

"அதான் சொல்றேன். அங்க நின்னா உனக்கு நல்லாத் தெரியும்."

மங்கை பாறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சங்குக்கு அடியில் உட்கார்ந்தாள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள், பயப்பட வேண்டாம். சங்குக்குள்ளே இரண்டு பேர் குடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பெரியவன். மோப்பம், அலறல் எல்லாம் அவன் பொறுப்பு. ஆனால் தானாக எழுந்திருக்க மாட்டான், அவ்வளவு பெரிய மனுஷன். அவனை எழுப்புவதற்கென்றே ஒரு சின்னவன் இருக்கிறான். வெயில் பட்டதும் இவன்தான் முதலில் எழுவான். பேட்டரி இருக்கிறதா, வாய் இருக்கிறதா, மூக்கு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு, பெரியவனைத் தட்டி எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வான். கம்பெனிக்காரர்கள் இவனைப் பூட்லோடர் என்பார்கள். மங்கை 'எழுப்பி' என்று செல்லமாகக் கூப்பிட்டாள். தகராறெல்லாம் இந்த எழுப்பியிடம்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவன் ஊமை. எந்த இடத்தில் தடுக்கி விழுகிறான் என்று சொல்லத் தெரியாது.

சரி, இவனுக்குப் பேச்சுக் கொடுத்துவிடலாம் என்று மங்கை முடிவு பண்ணினாள். என்ன செய்கிறோமோ அதை அவ்வப்போது ஒலிபெருக்கியில் சொல்லிவிட வேண்டும். சும்மா இல்லை, ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு நம்பர் போட்டாள். உயிர் போகிற செய்தி ஒன்றாம் நம்பர், பெரியவனுடைய "புலி! புலி!"யும் அதில்தான். சந்தேகம் என்றால் இரண்டு. மற்ற தொணதொணப்பெல்லாம் மூன்று. பெட்டியின் பக்கவாட்டில் ஒரு திருகு வைத்தாள். ஒன்றில் வைத்தால் ஒன்றாம் நம்பர் மட்டும் கேட்கும். மூன்றில் வைத்தால் எல்லாம் கேட்கும். பூஜ்யத்தில் வைத்தால் நம்பர் கணக்கே இல்லை: பெரியவன் பழையபடி அலறுவான், எழுப்பி பழையபடி ஊமை.

மறுநாள் காலையில் திருகை மூன்றில் வைத்தாள். வெயில் பட்டது.

"எந்திரிச்சாச்சு," என்றான் எழுப்பி. "பேட்டரியைப் பார்க்கிறேன். நல்லாருக்கு. வாயைப் பார்க்கிறேன். அதான் பேசிட்டிருக்கேனே, நல்லாருக்கு. மூக்கைப் பார்க்கிறேன். அதுவும் நல்லாருக்கு. பெரியவரே, எந்திரிங்க."

பெரியவன் எழுந்துகொண்டான். சங்கு ஜம்மென்று வேலை செய்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் காணாமல் போகிற பல்வலி மாதிரி, கோளாறு எங்கேயோ ஓடிவிட்டது. மங்கை நிம்மதியாகத் திருகைப் பூஜ்யத்துக்குத் தள்ளினாள். மறுநாள் காலை சங்கு கட்டையாகக் கிடந்தது. மூன்றுக்குத் தள்ளினாள், பேசிக்கொண்டே எழுந்தது. அடுத்த நாள் பூஜ்யம், மறுபடி படுத்தது.

"அடப்பாவி! பேசினா வேலை செய்யறே, பேசலேன்னா செத்துப்போறியே! உனக்கு நான் என்னடா பாவம் பண்ணினேன்?" என்று அழுதேவிட்டாள் மங்கை.

அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பனி விழுகிற காலையில் மூக்கு அடைத்துக்கொள்ளும், சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும். ஊமை எழுப்பி விறுவிறுவென்று போய் "மூக்கே, இருக்கியா?" என்று கேட்கிறான். மூக்கிடமிருந்து பதில் இல்லை. அவனும் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்காக நிற்கிறான், நாள் முழுக்க. பேசுகிற எழுப்பியோ பேட்டரி, வாய் என்று தொணதொணத்துவிட்டு வருவதற்குள் மூக்குச் சூடாகிவிடுகிறது. கோளாறைத் தேடுவதற்காக வைத்த பேச்சுதான் கோளாறுக்கு மருந்தாகிவிட்டது. மங்கை துள்ளிக் குதித்துக் கமிட்டிக்கு ஓடினாள்.

"அய்யா, கண்டுபிடிச்சிட்டேன். மூக்கைக் கேக்கறதுக்கு முன்னாடி எழுப்பி கொஞ்ச நேரம் சும்மா நின்னாப் போதும்."

தண்டபாணி முகத்தைச் சுளித்தார். "சும்மா நிக்கறதா? கமிட்டி வாங்கிவச்ச சாமான் சும்மா நின்னா பொதுமக்கள் என்ன நினைப்பாங்க? நம்மளைப் பத்தியில்ல பேசுவாங்க?"

"அப்ப இப்போ மாதிரியே பேசிட்டிருக்கட்டும், அய்யா."

"நல்லாருக்கே!" என்று தோகையை உதறினார் மயில் சிங்காரம். கமிட்டியின் கலைப்பிரிவு அவர்தான். "பேட்டரியைப் பார்க்கிறேன், வாயைப் பார்க்கிறேன்னு காலங்கார்த்தால கேக்கவே சகிக்கல. பேசறதுதான் பேசுது, நாலு பெரியவங்க பேரைச் சொல்லிப் பேசினா என்ன? மேடை நாகரிகம்னு ஒண்ணு இருக்கில்ல?"

தண்டபாணி தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

பெட்டிச் சாவியைத் தலைவர் மங்கையிடமிருந்து வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அன்றைக்கே பெட்டியைத் திறந்தார்கள். எழுப்பிக்குப் புதுப் பேச்சு போட்டார்கள்: "பாசமிகு துறைத் தலைவர் தண்டபாணி அவர்களே, கலைக்காவலர் சிங்காரம் அவர்களே..." அப்புறம் கேட்க வேண்டுமா? செய்தி பரவியதும் காடே வரிசையில் வந்து நின்றது. உடும்பு வந்தது, நீர்க்காகம் வந்தது, தவளைகள் கூட்டமாக வந்தன. ஒருவர் பெயரை விட்டால் ஒருவர் கோபித்துக்கொள்வார், அதனால் யாரையும் விடவில்லை.

அப்போதுதான் சிங்காரம் ஒரு கேள்வி கேட்டார். "இந்தாம்மா, என் பேரு எத்தனாம் நம்பர்?"

"மூணுங்க."

"மூணா! திருகைக் குறைச்சா என் பேரு போயிடுமா?"

"ஆமாங்க."

"எவனாவது வேணும்னே குறைப்பான். ஒண்ணுல போடு."

சிங்காரத்துக்கு ஒன்று என்றால் உடும்புக்கு ஏன் மூன்று? தவளைக்கு மட்டும் மானம் ரோஷம் கிடையாதா? அன்று சாயங்காலத்துக்குள் எல்லாப் பெயரும் ஒன்றாம் நம்பருக்கு ஏறிவிட்டது. தண்டபாணி கடைசியாக ஒருமுறை நம்பர் பட்டியலைப் பார்த்தார். பெயர்களுக்குப் பக்கத்திலேயே "புலி! புலி!" என்ற அலறலும் ஒன்றாம் நம்பரில் இருப்பது அவர் கண்ணை உறுத்தியது.

"இது என்ன, நம்ம பேருக்குச் சமமா உக்காந்திருக்கு? அபசகுனமாட்டம்! இதை மூணுக்கு இறக்கு." அதோடு விடாமல், திருகை ஒன்றில் வைத்து, யாரும் அசைக்காதபடி மேலே கட்டியாகப் பிசினையும் அப்பிவிட்டார்.

மங்கை குறுக்கே ஓடி வந்தாள். "அய்யா! அப்ப புலி வந்தா சங்கு கத்தாதே!"

"கத்தலேன்னா என்ன? பாறைதான் இருக்கே."

அன்றிலிருந்து தினமும் காலையில் சங்கு ஒழுங்காக எழுந்து, "அவர்களே, அவர்களே" என்று மணக்க மணக்கப் பேசியது. துறையில் எல்லாரும் தத்தம் பெயர் வரும்வரை காத்திருந்து, வந்ததும் பக்கத்தில் இருப்பவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்கள். மங்கைக்கு மட்டும் தண்ணீர் இறங்கவில்லை. இன்றோ நாளையோ புலி வரும். சங்கு வாயை மூடிக்கொண்டிருக்கும். அப்புறம் பாறை, அதன்மேல் அவள்.

ஒருநாள் உச்சிவெயில் நேரத்தில், யாரும் இல்லாதபோது, பிசினைப் பல்லால் சுரண்டி எடுத்துவிடலாம் என்று பார்த்தாள். வெயிலில் இளகியிருந்த பிசின் பல்லைப் பிடித்துக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நீதானா இந்தச் சங்குக்காரி?"

புலி ராஜமார்த்தாண்டன். மங்கைக்கு ஓடவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. "ம்," என்றாள்.

"தினமும் புதர்ல இருந்து கேட்டுட்டுதான் இருக்கேன். எருமைக்கு அவர்களே. மயிலுக்கு அவர்களே. போகட்டும்னு விட்டா, தவளைக்கு அவர்களே! இந்தக் காட்டுக்கு ராஜா நான். என் பேரு எங்கம்மா?"

"ம்..."

"முன்னாடியாவது ஏதோ 'புலி, புலி'ன்னு கூப்பிட்டுது. அதுவும் நாயைக் கூப்பிடற மாதிரி, பேருகூட இல்லாம. இப்ப அதையும் நிறுத்திட்டீங்க. எனக்கு மனசே விட்டுப்போச்சு."

"ம்ம்," என்றாள் மங்கை. பயத்திலும் அவளுக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது.

"நான் சொல்றதைக் கேளு. நான் வர்றப்ப எல்லாம் பட்டத்தோட பேரைச் சொல்லி வரவேற்கணும். சும்மா முணுமுணுன்னு இல்ல, காடே கேக்கணும். எந்தப் பக்கத்துல இருந்து வர்றேங்கறதையும் சொல்லணும், அப்பதான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. செய்வியா?"

மங்கையின் காது இரண்டும் விறைத்து நின்றன. இந்த முறை அவள் சொன்ன "ம்" கொஞ்சம் பலமாகவே இருந்தது.

புலி போனதும், ஒரு முன்பல்லைப் பிசினுக்கே தானம் கொடுத்துவிட்டு அவள் தலைவரிடம் ஓடினாள். "அய்யா, புலியாரும் பேரைச் சேர்க்கச் சொல்றாரு."

"முடியாதுன்னு சொல்லிடு."

"முடியாதுன்னா நேர்லயே வந்து உங்களைப் பார்க்கறதாச் சொன்னாரு."

புலி அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் சாவி தலைவர் கழுத்திலிருந்து தானாகக் கழன்று வந்ததுபோல் மங்கை கையில் வந்து விழுந்தது. "ஒண்ணாம் நம்பர்லயே போடும்மா," என்றார் தண்டபாணி. "என் பேருக்கு மேலயே போடு."

மறுநாள் சாயங்காலம் துறையில் நல்ல கூட்டம். மங்கை மருதமரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கு திடீரென்று உறுமியது.

"கிழக்குப் புதர் வழியாக எழுந்தருளிக்கொண்டிருக்கும் காட்டு வேந்தர், கூர்நகச் செம்மல், மாமன்னர் ராஜமார்த்தாண்டன் அவர்களே! வருக! வருக!"

ஒரே ஓட்டம்! முதல் ஆளாக ஓடியவர் தலைவர்தான். சிங்காரம் பறந்த வேகத்தில் தோகையில் பாதி சேற்றிலேயே கிடந்தது. புலி கம்பீரமாக நடந்து வந்தபோது துறையில் ஈ காக்கை இல்லை. வேரில் கால் சிக்கிக்கொண்ட மங்கை மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கம்மா ஒருத்தரையும் காணோம்?"

"உங்க முன்னாடி நின்னு தண்ணி குடிக்கறது மரியாதை இல்லைன்னு எல்லாரும் ஒதுங்கிட்டாங்க, அய்யா."

"பரவால்லையே!" புலிக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம் மங்கையை மேலும் கீழும் பார்த்தது. "பசிக்குது. உன்னைத்தான் சாப்பிடணும்போல."

"தாராளமா அய்யா. ஆனா நாளைக்குச் சங்கைப் பார்த்துக்க ஆள் இருக்காது. வரவேற்பு..."

"ஐயையோ, வேண்டாம் வேண்டாம்!" என்று பதறியது புலி. கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, கூச்சத்தோடு கேட்டது: "ஏம்மா, நான் இன்னும் தூரத்துல வர்றப்பவே ஆரம்பிச்சிட முடியுமா?"

"முடியும் அய்யா," என்றாள் மங்கை.

அந்தக் காட்டில் அதற்கப்புறம் யாரும் புலி வாயில் போகவில்லை. உயிர்களைக் காத்ததற்காகத் தண்டபாணிக்குப் பாராட்டு விழா நடந்தது. பாறைமேல் ஏறுவதாக இருந்த மங்கைக்கு அந்தப் பாறைமேலேயே நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ராஜமார்த்தாண்டன் பக்கத்துக் காட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வரவேற்புக்கு மட்டும் தவறாமல் இங்கே வந்துபோகிறார்.

நீதி: "புலி வருகிறது" என்று கத்த எந்தக் கமிட்டியும் அனுமதி தராது, "புலியே வருக" என்று கத்துங்கள், சாவியைப் புலியே வாங்கித் தரும்.