கிள்ளான் சம்பந்திக்கு, ரயிலேறாத கிராணி எழுதுவது

முருகன் துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
ஆங்கீரச வருஷம், கார்த்திகை மாதம்.

கிள்ளானில் மோட்டார் சாமான் வியாபாரம் செய்யும் மகாராஜராஜஸ்ரீ சபாபதி சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு, ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து பென்ஷன் வாங்கிய ரெங்கசாமி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், வண்டிக்காரன் கன்னையாவும், அவன் மாடுகள் இரண்டும் சுகம். அவ்விடம் தங்கள் கோபம் நீங்கலாக மற்ற எல்லாரும் சுகமென்று நம்புகிறேன்.

நிற்க. என் மகள் தனலெட்சுமியின் வளைகாப்புக்கு முகூர்த்த நேரத்தில் சீர்த்தட்டோடு வந்து நிற்க வேண்டியவன், பொழுது சாயும் நேரத்தில் வந்தேன். வாஸ்தவம். அதற்காகத் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லலாமா? "நீங்க ரயில்ல வந்து கூப்பிடுங்க, மறுபேச்சு இல்லாம அனுப்பறேன். மாட்டு வண்டியில வந்தா வாசலோட திரும்பிக்கங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டீர்கள். கார்த்திகை முடிய இன்னும் சில நாள்தான். மார்கழி எட்டாம் மாதம், கூப்பிடும் வழக்கமில்லை. தை பிறந்தால் ஒன்பது, இனி அசைக்கக் கூடாது என்பீர்கள். என் பேரப்பிள்ளை கிள்ளானிலேயே பிறந்துவிடும். நான் ஏன் ரயிலேற முடியாது என்பதை அன்று சொல்ல வாயெடுத்தேன், தாங்கள் விடவில்லை. ஆகவே எழுத்து மூலமாகத் தெரிவிக்கிறேன்.

போன மாதம் எங்கள் வாசகசாலையில் ஒரு தர்க்கம் நடந்தது. அக்கால வாழ்வு மேலா, இக்கால வாழ்வு மேலா என்பது பொருள். அக்காலத்தின் பக்கம் நான். அடடா, அன்றைக்கு நான் பேசின பேச்சைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும்! மின்சார விளக்கு கண்ணைக் கெடுத்தது, குழாய்த் தண்ணீர் குடலைக் கெடுத்தது, கிராமபோன் காதைக் கெடுத்தது, ரயில் மனிதன் காலையே கெடுத்தது என்று அடுக்கிக்கொண்டே போனேன். கைதட்டு கூரையைப் பிய்த்தது. அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர் ஒருவர் எழுந்து, கிராணியார் இவ்வளவு சொல்கிறாரே, நாளையிலிருந்து தம்முடைய இலவச ரயில் பாஸை என்ன செய்யப் போகிறார் என்று கேட்டார். சபை சிரித்தது. சபை சிரித்தால் எனக்கு என்ன ஆகும் என்பது தங்களுக்குத் தெரியாததா? உடனே ஒரு தட்டில் சூடத்தை ஏற்றச் சொல்லி, தைப்பூசம் வரைக்கும் மிஷின் சம்பந்தப்பட்ட எதையும் தொடுவதில்லை, ரயிலிலும் மோட்டாரிலும் ஏறுவதில்லை என்று கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். உள்ளங்கை கொப்பளித்தது. சூடம் அணைத்த சத்தியம் சாமானியமா? மீறினால் ஏழு தலைமுறைக்கு ஆகாது.

ஆனால் சம்பந்தி, ஒன்று சொல்கிறேன், பொய்யில்லை. என்ன வாழ்வு அது! பொழுது சாய்ந்தால் ஆமணக்கெண்ணெய் விளக்கு, அரை நாழிகையில் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. முதல் நாள் குனிந்து பேப்பர் படித்ததில் இடது மீசை பொசுங்கிவிட்டது. அதனாலென்ன, வலது மீசை சௌக்கியமாக இருக்கிறது. குழாயை விட்டுவிட்டுப் பக்கத்துச் சீனர் தோட்டத்துக் கிணற்றில் நானே இறைக்கிறேன். வாளி உள்ளே விழுந்தது, அதை எடுக்கப் போய்ப் பாதாளக்கரண்டியும் விழுந்தது, அந்தச் சீனர் என்னவோ சொன்னார். எனக்குப் புரியாததால் வசவென்று எடுத்துக்கொள்ளவில்லை. பசிக்கிறது, இடுப்பு வலிக்கிறது, உடம்பு இருப்பதே தெரிகிறது! இந்தக் கடிதம்கூட அந்தச் சீனர் வாத்தின் இறகால் எழுதுவதுதான். மைச்சிந்தல்களை மன்னிக்கவும்.

என் வீட்டுக்காரி சீதாலெட்சுமிக்கு மட்டும் இதன் அருமை தெரியவில்லை. மில் அரிசி ஆகாது, நெல் வாங்கிக் குத்து என்றேன். உலக்கையைக் கொண்டுவந்து என் எதிரில் சாத்திவிட்டு, "அந்தக் காலம் நல்ல காலந்தான், உக்காந்து சாப்பிட்டவங்களுக்கு. இந்தாங்க, குத்துங்க" என்றாள். குத்தினேன். பாதி நொய்யாகிவிட்டது, கஞ்சிக்கு ஆயிற்று. அதோடு விட்டாளா? நான் அணைத்த சூடம் மிஷினில் அச்சடித்துக் கப்பலில் வந்த சூடமாம், பற்றவைத்த தீப்பெட்டியும் கப்பலில் வந்ததாம், ஆகையால் சத்தியம் செய்யும்போதே சத்தியம் கெட்டுப்போயிற்றாம். வக்கீலுக்குப் படிக்கவைத்திருக்க வேண்டும் அவளை. சூடம் எங்கே செய்தால் என்ன, சுட்டது என் கை என்று சொல்லி வாயை அடைத்தேன்.

வளைகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். பெண்டுகள் எல்லாரும் ரயிலில் போகட்டும், சீர் மட்டும் என்னோடு மாட்டு வண்டியில்தான் வரும் என்று நான் பிடிவாதமாக இருந்தது உண்மை. முதல் நாள் மத்தியானமே கன்னையா வண்டியில் புறப்பட்டேன். வளையல் பெட்டி ஒருபுறம், புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு அண்டாக்கள் ஒருபுறம், நடுவில் வாழைத்தார், மேலே நான். ராஜா மாதிரி இருந்தது! பெட்டாலிங் தாண்டியதும் எதிரே ஒரு லோரி ஹாரன் அடித்தது. மாடுகள் ரப்பர்த் தோட்டத்துக்குள் பாய்ந்தன, வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது, வளையல் பெட்டிக்குள் கலகலவென்று ஒரு சத்தம், அப்புறம் சத்தமே இல்லை. மழை பிடித்துக்கொண்டது. விடிந்ததும், பத்து தீகா என்னும் ஊர் மேட்டில் இடது மாடு படுத்துவிட்டது. அதட்டினோம், கெஞ்சினோம், வாலை முறுக்கினோம். இந்த மாட்டுக்கு வாழைத்தார் வாசனை காட்டினால் எழுந்துவிடும் என்றான் கன்னையா. காட்டினேன். எழுந்திருக்காமல் தாரைத் தின்றது. வலது மாட்டுக்கு மட்டும் இல்லையா என்று அதற்குப் புளிச்சோறு வைக்க வேண்டியதாயிற்று. தயிர்ச்சோறு புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளியது. அந்நேரம் கிள்ளான் ரயில் எங்களைக் கடந்து போனது. சன்னலில் தெரிந்த முகங்களெல்லாம் சிரித்த முகங்கள். அந்த ரயிலில் என் மனைவியும் இருந்தாள், அவள் சிரிக்கவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தாங்களே மோட்டாரில் பாசார் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பி வளையல் வாங்கிச் சடங்கை முடித்திருந்தீர்கள். அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை. ஆனால், "பிள்ளை பொறக்கறதுக்குள்ள வந்துட்டீங்களே சம்பந்தி, சந்தோஷம்" என்றீர்கள் பாருங்கள், அது மாட்டுக்கே உறைத்தது. தனம் இரண்டு கை நிறைய வளையலோடு வந்து என் தலையை முந்தானையால் துடைத்துவிட்டாள். நான் மாட்டை அவிழ்க்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

ஆகவே சம்பந்தி அவர்களே, சத்தியம் சத்தியம்தான். ரயிலேற என்னால் ஆகாது. பெண்ணைப் பெற்றவன் நேரில் வந்து கூப்பிடுவது அக்கால வழக்கம், அந்த வழக்கத்தை மட்டும் இம்முறை தாங்கள் தளர்த்தி, சீதாலெட்சுமி அங்கேயே தங்கியிருப்பதால் அவளோடு தனத்தை அனுப்பிவைக்க வேண்டும். அக்காலமே மேலான காலம் என்பதில் எனக்கு இப்போதும் எள்ளளவும் சந்தேகம் இல்லை. சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். தங்கள் கடையும் குடும்பமும் பதினாறும் பெற்று விளங்க மருதமலையான் அருள் செய்வான்.

இங்ஙனம்,
தங்கள் விதேயன்,
ரெங்கசாமி

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு மை காய்வதற்குள் சீதாலெட்சுமி சாயங்கால ரயிலில் வந்து இறங்கிவிட்டாள். தாங்கள் அசைந்து கொடுக்கவில்லையாம். ஆனால் தனம் சொல்லியனுப்பிய சேதி ஒன்று கொண்டுவந்திருக்கிறாள். "அப்பா சூடம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டாங்க, பாவம். அவங்களை ரயில்ல வரச்சொல்லி யாரும் கஷ்டப்படுத்த வேணாம். மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன். கன்னையா வண்டியே வரட்டும், நான் அதுலயே வரேன். வைக்கோல் மட்டும் கொஞ்சம் நெறையப் போடச் சொல்லும்மா."

ஐயையோ சம்பந்தி! ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, இருபது மைல், அந்த மாட்டு வண்டியிலா? அந்தக் குழியில் இறங்கியவன் நான்! அவள் என்ன கெஞ்சினாலும் கேட்காதீர்கள், தங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும். சத்தியமாவது, சூடமாவது! ஏழு தலைமுறைக்கு ஆகாதென்றால் முதல் தலைமுறை நல்லபடியாகப் பிறக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நாளைக் காலை முதல் ரயிலில் நானே வந்து கூப்பிடுகிறேன். ஸ்டேஷனுக்குத் தங்கள் மோட்டாரை அனுப்பினால் அதிலும் ஏறிக்கொள்வேன். கைவலிக்க எழுதின பாவத்துக்கு இந்தக் கடிதத்தையும் தபாலில் போட்டுவிடுகிறேன், அதுவும் என்னோடு அதே ரயிலில்தான் வரும். நான் முந்தி வந்துவிட்டால், இதைப் பிரிக்காமலே கிழித்துப் போடவும்.