கணக்கில் வராத மாதம்

மனித குலத்தின் நம்பிக்கைகளுள் மிக உறுதியானது எது என்று என்னைக் கேட்டால், பெப்ரவரி மாதத்தில் ஒரு ஃபுட்டி ரசிகர் தன் அணிமீது வைத்திருக்கும் நம்பிக்கையே என்று தயங்காமல் சொல்வேன். நான் மன்னாரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். உயிர்த்தெழுதலைப் பற்றி ஓரளவு அறிவேன். ஆனால் நாங்கள் அதை நாற்பது நாள் ஒறுத்தலுக்குப் பிறகுதான் கொண்டாடுகிறோம். கூழைக்கடா அணியின் ரசிகர்களோ எந்த ஒறுத்தலும் இல்லாமல், கையில் மட்டன் றோல்ஸோடு, ஈஸ்டருக்கு வெகு முன்னரே கொண்டாடி முடித்துவிடுகிறார்கள்.

கூழைக்கடாக்கள் என்பது மெல்பேர்னில் உள்ள ஓர் அணி. ஃபுட்டி தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஆட்டம் நான்கு குவாட்டர்களாக நடக்கும். மைதானத்தின் இரு முனைகளிலும் நந்நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டுக்குள் பந்தை உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறிப் பக்கத்து இடைவெளிக்குள் போனால் ஒரு புள்ளி. தவறியதற்கும் புள்ளி கொடுக்கும் இந்தப் பெருந்தன்மைதான், தபால் பிரிக்கும் நிலையத்தில் முப்பது வருடம் வேலை செய்த என் கணவர் ஸ்ரனிஸ்லாஸை இந்த விளையாட்டின்பால் ஈர்த்தது. வாழ்க்கையில் வேறெங்கும் அவர் அதைக் கண்டதில்லை.

மார்ச்சில் முதல் சுற்று. செப்ரெம்பரில் இறுதி ஆட்டம். அதற்கு முன், பெப்ரவரியில், பயிற்சி ஆட்டங்கள். இவற்றின் முடிவுகள் புள்ளிப் பட்டியலில் சேர்வதில்லை. இந்தப் பருவத்துக்குப் ‘பிரீசீசன்’ என்று பெயர். எங்கள் அணி மரக்கரண்டி வாங்காத வருடங்களில், அதாவது கடைசி இடத்துக்கு வராத வருடங்களில், அதற்கு ஒரு படி மேலே நின்றது. ஆனால் பெப்ரவரியில் அதை வெல்ல எவராலும் முடிந்ததில்லை. முடிந்தாலும் அது கணக்கில் இல்லை.

இந்த உண்மையைப் பேணுவதற்காகவே ரோவில் என்ற புறநகரில், சிவபாலன் வீட்டுக் கராஜில், தென்கிழக்கு மெல்பேர்ன் தமிழ்க் கூழைக்கடா ஆதரவாளர் சங்கம் தோன்றியது. வரிக் கணக்காளரான சிவபாலன் அதன் தாபகத் தலைவர், நடப்புத் தலைவர், அடுத்த தலைவர். என் கணவர் உபதலைவர். செயலாளர், பொருளாளர், உதவிச் செயலாளர், உதவிப் பொருளாளர், போஷகர் என்று எல்லோருக்கும் ஒவ்வொரு பதவி இருந்தது. பதவி இல்லாதவர் மருந்துக்கடை வைத்திருக்கும் சிஹாப்தீன் ஒருவரே. ஆகவே பொதுச்சபை என்றால் அவர்தான்.

சங்கத்தின் விதிகளான யாப்பின் முதலாம் பிரிவைத் தலைவரே இயற்றினார். ‘பயிற்சி ஆட்டத்தில் வென்றால் அது அறிகுறி. தோற்றால் அது பயிற்சி. முதல் சுற்றுக்கு முன் நடக்கும் பாதகமான எதுவும் கணக்கில் வராது.’ பெரிய நாடுகளின் அரசியலமைப்புகளைக்கூட நான் ஓரளவு வாசித்திருக்கிறேன். குடிமக்களுக்கு இவ்வளவு நிம்மதி தரும் வாசகம் ஒன்றை எங்கும் கண்டதில்லை.

சென்ற ஆண்டு பெப்ரவரியின் முதல் ஆட்டத்தில் எங்கள் அணி இரண்டாகப் பிரிந்து தனக்கெதிராகத் தானே விளையாடியது. வெற்றி எங்களுக்கே கிடைத்தது. கராஜில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தோற்றதும் எங்கள் அணிதானே என்று பொதுச்சபை கேட்டது. சங்கத்தின் மனவுறுதியைக் குலைத்த குற்றத்துக்காகப் பொதுச்சபைக்கு அன்று இரண்டாவது றோல்ஸ் மறுக்கப்பட்டது.

அன்றுதான் நான் முதலில் கவனித்தேன். ஐஸ் பெட்டியைக் காரிலிருந்து கராஜுக்குத் தூக்கிவந்த என் கணவர் வழியில் தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. என்னவென்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை றோஸ். பிரீசீசன் உடம்பு” என்றார்.

இரண்டாவது ஆட்டத்தில் நாங்கள் பத்துக் கோல் வித்தியாசத்தில் பின்தங்கியிருந்தோம். பயிற்றுநர் தன் திட்டத்தை எதிரிகள் அறியாதபடி ஒளித்துவைத்திருக்கிறார் என்று தலைவர் விளக்கினார். திட்டம் மிகத் திறமையாகத்தான் ஒளிக்கப்பட்டிருந்தது. எங்கள் ஆட்டக்காரர்களாலேயே அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இடைவேளையில் சிஹாப்தீன் காருக்குப் போய் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துவந்தார். நான் கேட்கவில்லை. அவராகவே என் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். முதல் முறை பார்த்தார். இரண்டாம் முறை பார்த்தார், கைப்பட்டியைச் சற்று இறுக்கிக் கட்டி மூன்றாம் முறையும் பார்த்தார். மூன்றாவதில் கொஞ்சம் குறைந்திருந்தது. உடனே தலைவர் கருவியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பாத்தியளே, இறங்குது. எப்பவும் கடைசிக் குவாட்டரைத்தான் பாக்கவேணும்.”

“முதல் ரெண்டும் வோம்-அப்” என்றார் என் கணவர்.

“ஸ்ரனி அண்ணை, இது பந்து இல்லை. நாளைக்கே டொக்டரிட்டப் போங்கோ” என்றார் சிஹாப்தீன்.

பொதுச்சபை மீண்டும் அவநம்பிக்கையைப் பரப்புவதாகத் தலைவர் வருத்தத்தோடு குறிப்பிட்டார். மூன்றாவது குவாட்டர் தொடங்கியது.

டொக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவர் இதய நிபுணரிடம் அனுப்பினார். நிபுணரிடம் கிடைத்த திகதி மூன்றாவது பயிற்சி ஆட்டத்து நாளில் வந்து விழுந்தது. என் கணவர் அழகான ஆங்கிலத்தில், மிகுந்த பணிவோடு, தொலைபேசியில் அதை மாற்றினார். முதல் சுற்றுக்குப் பிறகு ஒரு நாள் தந்தார்கள்.

“ஏன் மாத்தினீங்கள்?” என்று கேட்டேன்.

“றோஸ், இப்ப நடக்கிறது ஒண்டும் கணக்கில்லை. சீசன் தொடங்கட்டும். அதுக்குப் பிறகு நடை, சாப்பாடு, டொக்டர், எல்லாம் ஒழுங்காச் செய்யிறன்.”

சங்கத்தின் ஒழுக்கத்தை நான் மதிப்பவள். எனவே விடயத்தை உரிய அதிகாரியிடம் கொண்டுசென்றேன். தலைவரை வீட்டுக்கு அழைத்து, நீங்கள் சொன்னால் கேட்பார் என்று சொன்னேன். அவர் வந்தார். தேநீர் குடித்தார். இருவரும் ஒரு மணி நேரம் ஆழ்ந்து பேசினார்கள். எங்கள் அணியின் உயரமான ஆட்டக்காரர் ஒருவருக்கு முழங்காலில் சிறு வலியாம். ஸ்கான் எடுக்காமல் அந்தப் பிள்ளையை மைதானத்தில் இறக்கக் கூடாது, ஒரு கிழமை பிந்தினாலும் பெரிய ஆபத்து, கழக நிர்வாகத்துக்கு இதில் பொறுப்பே இல்லை என்று தலைவர் கதிரையின் கையில் அடித்து அடித்துச் சொன்னார். என் கணவரும் நெஞ்சைத் தடவிக்கொண்டு அதை ஆமோதித்தார்.

போகும்போது தலைவர் வாசலில் நின்று எனக்கும் ஒரு வார்த்தை சொன்னார்.

“அண்ணைக்கு ஒண்டுமில்லை அக்கா. அவர் மனசால ஃபிற்.”

மூன்றாவது ஆட்டத்தை நாங்கள் வென்றோம். தட்டுத் தடுமாறி அல்ல, நாற்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில். ஆட்டக்காரர் எவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று அறிக்கை வந்தது. முழங்கால் வலிக்காரப் பிள்ளை அன்று ஓய்வில் இருந்தது. மறுநாளே என் கணவர் செப்ரெம்பர் கடைசிக் கிழமைக்கு வேலையில் லீவு கேட்டார். இறுதி ஆட்டத்துக்குப் போக வேண்டுமே.

அடுத்த வியாழக்கிழமை காலை, மஞ்சள் மூடி போட்ட குப்பைத்தொட்டியை உள்ளே எடுக்கப் போனார். தொட்டி பாதி வழியில் நின்றது. அவர் அதற்குப் பக்கத்தில் கிடந்தார். முதல் சுற்றுக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது.

சவப்பெட்டியின் மேல் சங்கத்தார் கழகத்தின் கழுத்துச் சால்வையைப் போர்த்தினார்கள். தலைவர் இரங்கலுரை ஆற்றினார். “ஸ்ரனி அண்ணை கடைசிக் கிழமை வரைக்கும் நல்ல ஃபோமில இருந்தவர்” என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. அது நடிப்பல்ல. அவர் உண்மையாகவே அழுதார். அதனால்தான் அன்று என்னால் அவரை ஒன்றும் கேட்க முடியவில்லை.

அந்த வருடம் கூழைக்கடாக்களுக்கு மரக்கரண்டி கிடைத்தது.

இந்தப் பெப்ரவரியில் தலைவர் மீண்டும் வந்தார். உபதலைவரின் ஞாபகார்த்தமாக ‘ஸ்ரனிஸ்லாஸ் நினைவு நம்பிக்கைக் கிண்ணம்’ ஒன்றை நிறுவியிருப்பதாகவும், ஆண்டுதோறும் தளராத நம்பிக்கை உள்ள ஒருவருக்கு அது வழங்கப்படும் என்றும், முதல் கிண்ணத்தை என் கையாலேயே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். வெற்றியாளரைத் தெரிவுசெய்யத் தலைவரின் தலைமையில் ஒரு குழு கூடி, தலைவரை ஏகமனதாகத் தெரிவுசெய்திருந்தது.

“மம், யூ டோன்ற் ஹாவ் டு கோ” என்றாள் என் மகள் அஞ்சலா. நான் போகாவிட்டால் அப்பாவின் பெயரைச் சொல்லி யாரோ ஒருவர் கையால் கொடுப்பார்கள் என்றேன். பிறகு அவளே என்னை ரோவிலுக்குக் கொண்டுபோய் இறக்கினாள்.

கராஜில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் முன்னணியில் இருந்தோம். நான் தேநீர் எடுக்கக் குசினிக்குள் போனபோது தலைவரின் மனைவி சத்தியபாமா அடுப்புக்கு முன்னால், அடுப்பை மூட்டாமல் நின்றுகொண்டிருந்தார்.

“அக்கா, இவருக்குச் செவ்வாய்க்கிழமை நெஞ்சு ஸ்கான் எண்டு தந்தவை. மாத்திப்போட்டார்.”

“எப்பத்துக்கு?”

“முதல் ரவுண்டுக்குப் பிறகாம். மாடிப்படியில நிண்டு நிண்டுதான் ஏறுறார். கேட்டால் பிரீசீசன் எண்டுறார். நான் சொன்னால் எடுபடாது. நீங்கள் சொல்லுங்கோ அக்கா.”

இடைவேளையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள். என் கணவரின் படத்துக்கு முன்னால் ஒரு நிமிட மௌனம். அது விளம்பர நேரத்துக்குள் அடங்கியது. பிறகு கிண்ணத்தை என் கையில் தந்தார்கள். நான் அதைத் தலைவரிடம் கொடுத்தேன். பெரிய பாரமில்லை, வெறும் பிளாஸ்ரிக். ஆனாலும் அதை உயர்த்திப் பிடித்தவர் உடனே இறக்கி, இடது கையைத் தடவிக்கொண்டார். நெற்றி வேர்த்திருந்தது. பெப்ரவரி வெயில் என்று செயலாளர் விளக்கினார். கராஜில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் ஒரு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒரு வார்த்தை போதாது, ஒரு விளக்கம் கேட்க வேண்டும் என்றேன். தலைவர் தாராளமாகத் தலையசைத்தார்.

“தலைவர், முதல் சுற்றுக்கு முன் நடக்கிற கூடாத ஒண்டும் கணக்கில வராது எண்டு உங்கட யாப்பில இருக்குது.”

“ஓம் அக்கா. முதலாம் பிரிவு.”

“இவர் செத்தது முதல் சுற்றுக்கு ஒரு கிழமை முதல்.”

நான் என் கணவரின் படத்தைக் காட்டினேன்.

“அப்ப அது கணக்கில இல்லை. நானும் ஒரு வருசமா வாசலைப் பாத்துக்கொண்டிருக்கிறன். எப்ப வீட்ட வருவார்?”

காற்று, நடுவர், புல்லின் ஈரம் என்று எந்தத் தோல்விக்கும் விளக்கம் வைத்திருந்த சிவபாலன் உபதலைவரின் கதிரையைப் பார்த்தார். அது ஒரு வருடமாகக் காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் அவர் அன்றுதான் அதைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பொதுச்சபை எழுந்து வந்து, அனுமதி கேட்காமல், தலைவரின் நாடியைப் பிடித்தது. சத்தியபாமா கார்ச் சாவியை எடுத்துவந்து அவருக்கு முன்னால் நின்றார்.

“எழும்புங்கோ.”

“செகண்ட் ஹாஃப் தொடங்கப்போகுது பாமா.”

“எழும்புங்கோ எண்டு சொன்னனான்.”

எழுந்தார். எங்கள் அணி முன்னணியில் இருக்கும்போது ஒருவர் கராஜை விட்டு வெளியேறியது சங்க வரலாற்றில் அதுவே முதல் தடவை.

அன்று மாலையே அவருடைய இதயக் குழாய்களில் இரண்டு ஸ்டென்ற் வைத்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கதை வேறு என்று வைத்தியர் சொன்னாராம். இப்போது வீட்டில் நலமாக இருக்கிறார். படி ஏறும்போது நிற்பதில்லையாம். அவருக்காக நான் மெழுகுதிரி கொளுத்தினேன். அதில் அங்கதம் எதுவும் இல்லை.

நேற்று அவரிடமிருந்து எல்லோருக்கும் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்தது. என் கேள்விக்குரிய விளக்கமாக இருக்கும் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ‘மூன்று பயிற்சி ஆட்டம், மூன்று வெற்றி. இந்த வருடம் கிண்ணம் எங்களுக்கே. ஸ்ரனி அண்ணை மேலே இருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.’ கீழே கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

மனித குலத்தின் நம்பிக்கைகளுள் மிக உறுதியானது இதுவே என்று தொடக்கத்தில் சொன்னேன். அதை மீளப்பெறப் போவதில்லை. என் கணவரைப் புதைத்த பிறகும் அதற்கு ஒரு கீறல்கூட இல்லை.