டிரம்காரர் போட்ட கோடு

அடித்துச் சொல்கிறேன்: எதைப் பார்த்தாலும் இது தண்ணீரில் எவ்வளவு முங்கும் என்று யோசிக்கிற மனிதர் உலகத்திலேயே எங்கள் டிரம்காரர் ஒருவர்தான். திருமழிசையில் பிளாஸ்டிக் டிரம் செய்யும் கம்பெனியில் வேலை. திருநின்றவூரில் எங்கள் பக்கத்து வீட்டில் குடித்தனம். அவருடைய பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

மளிகைக் கடையில் குவளைத் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் முட்டை வாங்க மாட்டார். மிதந்தால் கெட்டது என்பது ஊரறிந்த விஷயம். இவர் முங்கிய முட்டையையும் விடமாட்டார். "படுக்காம நிக்குது பாரு, இது பழசு" என்பார். கடைக்காரர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணாத்தே, நீ வேற கடையைப் பாரு" என்றார். தீபாவளியன்று எங்கள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "தங்கச்சி, வடை மாவை ஒரு சொட்டு தண்ணில போடு. மெதந்தாதான் எண்ணெயாண்ட போவணும்" என்று என் மனைவியை அதட்டினார். அவளுக்கு எரிச்சலான எரிச்சல். ஆனால் அவர் போனதும் ஒரு சொட்டு போட்டுப் பார்த்தாள்.

ஓர் ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து தெருவுக்குள் வந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீர். நிறைமாதமாக இருந்த என் மனைவிக்கு அன்று காலையில்தானா வலி எடுக்க வேண்டும்! ஆம்புலன்ஸ் மெயின் ரோடு வரைதான் வருமாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டிரம்காரர் நாடாக் கட்டிலின் நான்கு கால்களிலும் மூடி இறுக்கிய காலி டிரம்களைக் கட்டினார். பிறகு எல்லோருடைய எடையையும் கேட்டார். மனைவி அறுபத்தைந்து கிலோ. கழி ஊன்ற உட்காரும் அவர் ஐம்பது. துணைக்கு வரும் என் மாமியார் கொஞ்சம் யோசித்து, "ஐம்பத்தஞ்சு" என்றார். டிரம்காரர் மனக்கணக்குப் போட்டு, டிரம்மில் மார்க்கரால் ஒரு கோடு இழுத்தார்.

"தண்ணி இதுக்கு மேல ஏறாது நைனா. ஏறுனா கவுந்துரும்."

மூவரும் ஏறினார்கள். கோட்டைக் காணோம்.

"மூணு விரலு கூட முங்குது. கணக்குல இருபத்தஞ்சு கிலோ ஒதைக்குதே! யம்மா, மெய்யா சொல்லு, உன் எடை இன்னா?"

மாமியார் வானத்தைப் பார்த்தார். "எண்பது இருக்கும். மாப்பிள்ளை முன்னாடி எப்படிப்பா சொல்றது?"

அந்த வலியிலும் என் மனைவி சிரித்துவிட்டாள். ஆனால் அம்மாவின் கையை மட்டும் விடவில்லை. டிரம்காரர் அந்தக் கையைப் பார்த்தார். தண்ணீரில் இறங்கினார். கோடு மேலே வந்தது.

நான் பின்னாலிருந்து தள்ள, அவர் முன் டிரம்மைப் பிடித்தபடி நடந்தார். தெருமுனைப் பள்ளத்தில் எனக்கு மார்பளவு. குள்ளமான அவருக்கு மோவாய் வரை. முகத்தை அண்ணாந்து, டிரம்மை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மெயின் ரோட்டில் இருவரையும் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு அவரிடம் ஓடினேன். இன்னும் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறுகிப்போன விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

"உங்களுக்கு நீச்சல் தெரியாதா?"

"தெரியாது நைனா."

"தெரியாமயா எறங்குனீங்க?"

"கணக்கு ஒதைச்சிச்சே, இன்னா பண்ணச் சொல்றே? நீ போ, வண்டி நிக்குது பாரு."

மகள் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். டிரம்காரர் ஓசூருக்குக் குடிபோய்விட்டார். மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவர் பஸ் ஏறி வந்து சேரும்வரை எங்கள் வீட்டில் கேக் வெட்டுவதில்லை.